வெறும் வயிறு

வரவில்லை. கதவைத் தாழ்போட்டு வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது, கோட்டைச்சாமிக்கு வரவில்லை. மடியில் அந்த வெள்ளை டப்பா இருந்தது. அல்வாக் கடையில் அரைக் கிலோ போட்டுத் தருவார்களே, அந்த அளவு. மூடியில் சீட்டு ஒட்டி அதில் தமயந்தி என்று அவர் மனைவியின் பெயரை எழுதியிருந்தார்கள். கொடுக்கப்போகிறவர் அவர், பெயர் அவளுடையது. மதுரையில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, வழுவழுவென்று தரை, கையை நீட்டினால் தானாகக் கொட்டும் குழாய், இத்தனையும் ஒரு மனுஷன் வெளிக்கிப் போவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் ஊரில் யாராவது நம்புவார்களா. ஊரில் அவர் சொல்லவும் இல்லை. மச்சினன் கேட்டபோது, ரத்தம் மாதிரி ஒன்று கொடுக்கணும் என்று மழுப்பிவிட்டார். திண்டுக்கல்லில் அவர் வீட்டில் இது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. முதல் காபி தொண்டையில் இறங்கும், பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போவார், தலைப்புச் செய்தி முடிவதற்குள் வேலை முடிந்துவிடும், மிச்சப் பேப்பரை உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டு வருவார். கல்யாணமான புதிதில் தமயந்தி அசந்து போனாள், பிறகு முப்பது வருஷமாக அதை வைத்தே கேலி, உள்ளே பட்டா வாங்கிவிட்டீர்களா, வரி யார் பெயரில் கட்டுவது என்று. அப்பேர்ப்பட்ட வயிறு இன்றைக்குப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவது மாடியில் அவள் படுத்திருக்கிறாள். பேதி மருந்தைக் குடித்துக் குடித்துக் குடல் முழுவதையும் காலி பண்ணிவிட்டு, இவரிடமிருந்து வரப்போவதற்காகப் படுத்திருக்கிறாள். இது பிடிக்காவிட்டால் பெருங்குடலை எடுக்க வேண்டியிருக்கும், இப்போதிருக்கிற உடம்பில் அந்த ஆபரேஷனை அந்தம்மா தாங்குவார்கள் என்று நான் சொல்லமாட்டேன் என்று டாக்டர் அன்றைக்கே நேராகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்ததுதான் கோட்டைச்சாமிக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. பிசைகிறதே தவிர, வரவில்லை.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு ஆணி. கொல்லையில் துணி காயப்போடப் போனவள் காலில் ஏறிய துருப்பிடித்த ஆணி. புண் சீழ் வைத்து, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஊசி, டிரிப், வாய் கொள்ளாத மாத்திரை, எல்லாம் ஆன்டிபயாட்டிக். கால் ஆறிவிட்டது. கால் ஆறின கையோடு வயிறு போக ஆரம்பித்தது. சாதாரணப் போக்கு இல்லை, சட்டியைத் தூக்கிக் கவிழ்த்த மாதிரி. எதையாவது சாப்பிட்டிருப்பாய் என்றார் இவர், கஷாயம் வைத்துக் கொடுத்தாள் பக்கத்து வீட்டுக்காரி, ஒன்றும் நிற்கவில்லை. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் டாக்டர் ஷகீலா, கோட்டைச்சாமியின் மகள் வயசுதான் இருக்கும், ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டி விஷயத்தைச் சொன்னார். வயிற்றுக்குள்ளே கோடானுகோடிக் கிருமிகள் குடியிருக்கிறார்கள், நல்லவர்கள்தான் அதிகம், தின்கிற சோற்றை உடைத்துக் கொடுப்பது, வேண்டாதவனை உள்ளே விடாமல் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. புண்ணுக்குக் கொடுத்த மருந்து நல்லவன் கெட்டவன் பார்க்காமல் எல்லோரையும் விரட்டிவிட்டது, ஆளில்லாத வீட்டில் ஒரு பொல்லாத கிருமி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதற்கும் மருந்து கொடுத்தார்கள், நின்றது, மருந்தை நிறுத்தினதும் திரும்ப வந்தது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி வந்தது. நடுவில் தயிர், மோர், பழைய சோற்றுத் தண்ணீர், மருந்துக்கடையில் விற்கும் புரோபயாட்டிக் பொடி, ஒன்றையும் இவர் விடவில்லை. அந்தப் பொடியை நம்பித்தான் இருந்தார், பாக்கெட்டில் உயிருள்ள நல்ல கிருமி என்று போட்டிருந்தார்களே. டாக்டர் சிரிக்காமல் சொன்னார், அவங்க விருந்தாளிங்க சார், பொதுவா வருவாங்க, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவாங்க, கிளம்பிடுவாங்க, உங்க வீட்டம்மா வயித்துக்கு இப்ப வேண்டியது குடித்தனக்காரங்க. குடித்தனக்காரர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று இவர் கேட்டதற்குத்தான் டாக்டர் இவருடைய வயிற்றைப் பார்த்தார்.

கோட்டைச்சாமி நகராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். வாலிபத்திலிருந்து இந்த வயசு வரைக்கும் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான், கிருமியைக் கொல்வது. ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார், மஞ்சளாக வந்தால் குளோரின் சேர்ந்திருக்கிறது, நிம்மதி. கல்யாணத்தன்று இரவு தமயந்தி முதன்முதலில் சொன்னதே, உங்க மேல தொட்டி வாசம் அடிக்குது என்பதுதான். அப்பேர்ப்பட்டவர் வயிற்றுக்குள் ஊர் ஜனத்தொகையைவிட, நாட்டு ஜனத்தொகையைவிட, அதற்கும் எத்தனையோ மடங்கு மேலாகக் கிருமி இருக்கிறது என்று கேட்ட அன்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தொட்டியில் அதில் ஒரு துளி இருந்திருந்தாலும் அவரை சஸ்பெண்ட் பண்ணியிருப்பார்கள். படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தார். கடமுட என்றது. இவ்வளவு நாளாக வாய்வு என்று நினைத்துக்கொண்டிருந்தது இவர்கள் சத்தம்தானோ, என்ன பேசிக்கொள்கிறார்களோ. அவரை விதவிதமாகச் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மற்றதும் எடுத்தார்கள், குடிப்பீர்களா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா என்று கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றிலும் பாஸ். பத்தாங்கிளாஸ் கணக்கில் கோட்டை விட்டவர் வெளிக்கிப் போவதில் பாஸாகிவிட்டார் என்று தமயந்தியிடம் போய்ச் சொன்னார். அவள் எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தாள். சிரித்து முடித்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்படித் திரும்பிக்கொண்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் கேட்கவில்லை, ஆனால் பஸ்ஸில் வரும்போது, தொட்டிமேல் நிற்கும்போது, இப்போது இந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, எங்கே சுற்றினாலும் நினைப்பு அந்தத் திரும்பிய முதுகில் வந்து முட்டிக்கொள்கிறது. அருவருப்புத்தானே. பின்னே இருக்காதா. யாராயிருந்தாலும் இருக்கும்.

இப்படி இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. இடது காலை நீட்டி மடக்கிக்கொண்டார். முக்கிப் பார்த்தார். முக்கக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்து விட்டுவிட்டார். டாக்டர் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது, கடைச் சாப்பாடு கூடாது, கீரை, காய், பயறு, முழுத்தானியம், மற்றபடி வழக்கம்போல் சாப்பிடவும். நார் இருக்கிற சாப்பாடுதான் உள்ளே இருக்கிறவர்களுக்கும் சாப்பாடாம், நாம் தின்று செரிக்காமல் கீழே விடுவதை வைத்துத்தான் அவர்கள் பொங்கித் தின்கிறார்களாம். அதற்காகவே கோட்டைச்சாமி வாழைத்தண்டு நறுக்கக் கற்றுக்கொண்டார். கட்டிலில் படுத்தபடி அவள் சொல்லச் சொல்ல, நாரை விரல்ல சுத்தி எடுங்க, அப்படியில்ல, மோர்த்தண்ணியில போடுங்க, இல்லாட்டி கறுத்துப்போகும் என்று அவள் சொல்லச் சொல்ல, விரலெல்லாம் நூல் சுற்றிக்கொண்டு தறிக்காரர் மாதிரி நின்றார். அவள் குழைந்த கஞ்சியைக் குடித்தாள், இவர் வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் தின்றார். தின்றது இவர், ஆனால் அவளுக்காகத்தான் தின்றார், அவள் வயிற்றுக்குப் போகவேண்டியவர்களுக்கு இவர் வயிற்றில் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. உள்ளதைச் சொன்னால் அவருக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட வந்தது. நேற்றுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தார். பாத்திரம் கழுவப் போனவர் தொட்டியில் இரண்டு தட்டுகளைப் பார்த்தார், அவருடையது ஒன்று, அவளுடையது ஒன்று. அதில்தான் எல்லாம் கெட்டது.

இரண்டு தட்டு அந்த வீட்டில் வழக்கமில்லை. கல்யாணப் பந்தியில் அவர் சாப்பிட்டு எழுந்த இலையில் அவளை உட்கார வைத்தார்கள், அது சடங்கு, எல்லோருக்கும் உண்டு. ஆனால் சடங்கு முடிந்த பிறகும் தமயந்தி அவர் சாப்பிட்ட தட்டிலேயே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்தி என்று நினைத்து விடாதீர்கள், ஒரு தட்டு கழுவுவது மிச்சம் என்று அவளே சொல்லுவாள். அவர் ஒதுக்கி வைத்த கறிவேப்பிலை, கத்தரிக்காய்க் காம்பு, ரசத்து மிளகு எல்லாம் அவளுக்குத்தான். நோய் வந்த பிறகு தொத்திக்கொள்ளக் கூடாது என்று தனித்தட்டு. கழுவும்போது இரண்டாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்குத் திடீரென்று ஒன்று பட்டது. இவ்வளவு காலமும் தன் மிச்சத்தைத்தான் தின்றாள். இப்போது உயிர் பிழைக்கவும் தன் மிச்சத்தைத்தான் கொடுக்கப்போகிறோம், அதிலும் எப்பேர்ப்பட்ட மிச்சம். அதற்குத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பினாளோ. இந்த ஒரு தடவையாவது மிச்சமாக இல்லாமல் அவளுக்கென்றே எடுத்து வைத்ததாகக் கொடுக்கணும் என்று தோன்றியது. சாமிக்குப் படைக்கிறவன் தின்றுவிட்டா படைக்கிறான். தொட்டியில் புதுத்தண்ணீர் ஏற்றுவதற்கு முன்னால் பழசை வடித்துக் கழுவிவிட்டுத்தானே ஏற்றுகிறோம். ரத்தம் கொடுக்கப் போனால்கூட லேப்காரன் வெறும் வயிற்றோடு வா என்றுதானே சொல்கிறான். மூன்று நியாயமும் ஒன்றாகச் சேர்ந்து அவருக்குச் சரியாகப் பட்டுவிட்டது. ஆயுசில் ஒரு வெள்ளிக்கிழமைகூட விரதம் இருந்தறியாதவர், வருஷம் பூராவும் இவருக்காகத் தமயந்தி இருக்கும் விரதத்தை வடையில் ருசி பார்த்தே அறிந்தவர், நேற்று, அவளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்த நாள் முழுவதும், பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. அவளிடம் சாப்பிட்டாச்சு என்று புளுகினார். ராத்திரி தலை சுற்றியபோதுகூட ஒரு சந்தோஷம் இருந்தது, குளித்து முடித்த மாதிரி. காலையில் டப்பாவைக் கையில் வாங்கியபோதும் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான், உள்ளே ஒன்றுமே போடாமல் வெளியே எதை எதிர்பார்க்கிறாய் மடையா என்று அவருக்கே உறைத்தது.

கதவைத் தட்டினார்கள். சிஸ்டர் ஜெபராணி. அய்யா, ஆச்சா என்று கேட்டார். இதோ என்றார். இதோ என்று எதை வைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடி தட்டினபோது எழுந்து வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு காலி டப்பாவோடு வெளியே வந்தார். பொய் சொல்லிவிடலாம் என்று கதவைத் திறக்கும் வரைக்கும் நினைத்திருந்தார், புது இடம், வெட்கம், இப்படி ஏதாவது. சிஸ்டருக்கு மாநிறம், களைத்த முகம், யார் என்ன சொன்னாலும் இதைவிடப் பெரிசைக் கேட்டிருக்கிற முகம். அதைப் பார்த்ததும் உண்மை வந்துவிட்டது. நேற்றுப் பூரா சாப்பிடல சிஸ்டர், விரதம் என்றார். யாருக்கு விரதம் என்று சிஸ்டர் கேட்டார். இவர் டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். சிஸ்டர் சீட்டைப் படித்தார். பிறகு டாக்டருக்குப் போன் போட்டார், போனில் சிரிப்புச் சத்தம் கேட்குமோ என்று கோட்டைச்சாமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், கேட்கவில்லை. மத்தியானம் வரைக்கும் பார்க்கலாமாம், அதற்குமேல் அந்தம்மாவை வெறும் வயிற்றில் வைத்திருக்க முடியாது, இன்னொரு தடவை பேதி மருந்து கொடுக்கிற உடம்பும் இல்லை, அவருக்கு முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அதில் இன்னொரு தடவை இல்லை என்பது மட்டும் அவர் காதில் நின்றது.

மாடிக்கு ஏறினார். லிஃப்ட் இருந்தும் படியில்தான் ஏறினார், நடந்தால் வயிறு அசையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை தயார் பண்ணினார், எதுவும் வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை. தமயந்தி தலையணையில் முகத்தைச் சாய்த்து அவர் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் ஆள் இருக்கிற மாதிரியே இல்லை. ஒரு காலத்தில் இடுப்பில் குடத்தோடு இவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற உடம்பு. பின்னால் வந்த சிஸ்டர் இட்லித் தட்டையும் வாழைப்பழத்தையும் வைத்துவிட்டு விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டுப் போய்விட்டார்.

"விரதமா?" என்றாள் தமயந்தி. "நீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் முன்னால் நின்றது போல் நின்றார். "உனக்குக் குடுக்கறது சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சேன். என் மிச்சத்தையே தின்னுக்கிட்டிருக்க. அன்னைக்கு நான் சொன்னதும் சொவரப் பாத்துத் திரும்பிக்கிட்ட. அருவருப்பாத்தான் இருக்கும்னு..."

அவளுக்குப் பேச மூச்சுச் சேர்க்க வேண்டியிருந்தது. "அருவருப்பா? வெக்கமா இருந்துச்சுங்க. இம்புட்டு வருஷம் கழிச்சு உங்ககிட்டப் போயி இதக் கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சேன்னு." கொஞ்சம் நிறுத்திக்கொண்டாள். "சுத்தமா இருக்கப்போயித்தான நான் இந்தக் கதிக்கு வந்துட்டேன். உள்ளார ஒண்ணுமில்லாம தொடச்சு வச்சாப்புல கெடக்கு. எனக்கு உங்க சுத்தம் வேணாம். உங்க அழுக்கக் குடுங்க."

அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார், வெளியே போய்ச் சாப்பிட்டு வருகிறேன் என்றார், பட்டினியாகக் கிடக்கிறவள் முன்னால் எப்படித் தின்பது. வேண்டாம், இங்கேயே உட்காருங்கள் என்றாள். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். இறங்கவில்லை, மென்று மென்று இறக்கினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்னியைத் தொட்டுக்கொள்ளச் சொன்னாள், பச்சை மிளகாயா வற்றலா என்று கேட்டாள், வற்றல் என்றதும் ஆஸ்பத்திரியில் தேவலையே என்றாள். சட்னியை நாக்கில் வைத்து ஏழு மாதம் ஆகிறது அவளுக்கு. அவர் மென்று விழுங்கும்போதெல்லாம் அவள் தொண்டையும் கூடவே அசைந்ததைப் பார்த்தார். முன்னெல்லாம் இவர் சாப்பிடும்போது அவள் அடுப்படியில் இருப்பாள், இவர் பேப்பருக்குள் இருப்பார், ஒருத்தர் சாப்பிடுவதை ஒருத்தர் இப்படி உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. வாழைப்பழத்தை முழுசாகத் தின்ன வைத்தாள். ஆயா கொண்டுவந்த காபியைச் சூடாக இருக்கும்போதே குடியுங்கள் என்றாள். வாசம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். கிண்டலுக்குச் சொன்னாளா, ஆசைக்குச் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை, டம்ளரை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்துக்கொண்டே குடித்தார். உள்ளே சூடு இறங்கியது. யாரோ பூட்டின வீட்டுக் கதவைத் திறந்து விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. உடம்பு இத்தனை நேரமும் பயத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது, இவள் முகத்தை நேராகப் பார்க்கப் பயந்து பிடித்துக்கொண்டிருந்தது.

வராந்தாவில் நடந்தார். இந்தக் கோடியில் மருந்தகம், அந்தக் கோடியில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்து மொட்டைமாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. மூடி சரியாகப் போடவில்லை, காக்கா எச்சம் விழும், யாரிடம் சொல்வது. இந்த நேரத்தில் இது என்ன நினைப்பு. திரும்ப நடந்தார். உள்ளே இருக்கிறவர்களை நினைத்தார். நேற்று அவர்களையும் அல்லவா பட்டினி போட்டுவிட்டோம். இவ்வளவு நாள் வாழைத்தண்டும் கீரையுமாக வளர்த்து, அவள் வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில் வெறும் வயிற்றோடு அனுப்பப் பார்த்தோமே. கோபித்துக்கொள்ளாதீர்கள், போங்கள், நல்ல இடம்தான், என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்று மனசுக்குள் சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். இத்தனை காலம் தொட்டி தொட்டியாக உங்கள் ஜாதியைக் கொன்றவன்தான் சொல்கிறேன். புருஷன் பெண்டாட்டி ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டவர்கள், இரண்டு வயிறும் ஏற்கெனவே பழக்கம் என்று டாக்டர்கூட என்னிடம் சொன்னாரே, அப்படியானால் உங்களில் பாதிப்பேர் அவளிடமிருந்து வந்தவர்களாகத்தான் இருக்கும். அவள் கையால் பிசைந்த மாவு, அவள் உறை ஊற்றிய தயிர், காய்ச்சலில் கிடந்தபோது அவள் ஊதி ஆற்றிக் கொடுத்த கஞ்சி, அந்த ஊதலில் வந்தவர்கள். மிச்சம் என்று யாருக்கு யார் கொடுத்தது. இத்தனை நாளாக அவளுடையது இவரிடம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான், அவளுக்குத் தேவைப்படுகிறது, திரும்பப் போகிறது. இதை இப்படி நினைத்ததும் ஜன்னலோரம் அப்படியே நின்றுவிட்டார். ஏனென்றால் அடிவயிற்றில் ஒரு சுருட்டல். சின்னதாக, தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே, அப்படி. வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முதலில் வேகமாக நடந்து, பிறகு நினைக்கட்டும் என்று ஓடினார்.

தாழ்போட்டார். டப்பாவை வைத்தார். இந்தத் தடவை முக்கவில்லை, எதையும் கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காபி வாசத்துக்குக் கண்ணை மூடிய அவள் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தார். போய்விடுவாளோ என்ற பயம் அப்போதும் இருந்தது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, ஆனால் கழுத்தைப் பிடிக்கவில்லை. வந்தது. நிறையவே வந்தது. கோட்டைச்சாமிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, எங்கே உட்கார்ந்து அழுகிறோம் என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூக்கில் ஒழுகின. துடைத்துக்கொண்டு, கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மூடியை அழுத்தமாக மூடினார். டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. முதல் குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது இப்படித்தான் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டர் ஜெபராணி டப்பாவை வாங்கி எடை போட்டார். இவர் முள்ளைப் பார்க்கவில்லை, சிஸ்டர் முகத்தைப் பார்த்தார். போதும்யா, நல்லா இருக்கு என்றார் சிஸ்டர். ஆயுசில் எத்தனையோ வேலை செய்திருக்கிறார், மேலதிகாரி யாரும் அவரை இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அதைக் கரைத்து வடிகட்டுகிறார்கள் என்றார்கள், குழாய் விட்டு உள்ளே சேர்ப்பார்களாம், பிடிக்க வேண்டும், பிடித்தால் கொஞ்ச நாளில் தெரியும், உடம்பு கொஞ்சம் தேறின பிறகு இரண்டாவது தடவை தேவைப்பட்டாலும் படலாம். தேவைப்படட்டும். தினமும் கேட்டாலும் தருவார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளிக்கொண்டு வந்த ஆள் இவரைப் பார்த்து நிறுத்தினான். பச்சைத் துணிக்குள்ளிருந்து தமயந்தி கையை எடுத்து இவர் முழங்கையைத் தொட்டாள். குளிர்ந்த கை, நரம்பில் ஊசி ஒட்டியிருந்தது. ஏதோ சொல்ல வாயசைத்தாள், இவர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்களா?"

எந்த மனுஷி எந்த மனுஷனைப் பார்த்துக் கேட்கிறாள். ஏழு மாதமாக ராத்திரி பகல் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடித் தேய்ந்தவள், அவளிடம் இவர் மாத்திரை போட்டாயா என்று கேட்டிருக்கிறார், இன்றைக்கு எத்தனை தடவை போனாய் என்று கேட்டிருக்கிறார், டாக்டருக்குச் சொல்வதற்காகக் கேட்டிருக்கிறார். இந்த வார்த்தையை ஒரு நாளும் கேட்கவில்லை. அவளுக்கு அது கேட்கத் தெரிந்திருக்கிறது, காபி குடித்துவிட்டு உட்கார்ந்து எழுந்து வந்த மனுஷனைப் பார்த்துக் கேட்கத் தெரிந்திருக்கிறது.

"நான் என்னத்தப் பட்டேன்" என்றார். குரல் உடைந்தது, அதை மறைக்கவில்லை. "நீதான் பட்ட, தமயந்தி. ரொம்பப் பட்டுட்ட."

அவள் இவரையே பார்த்தாள். கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குப் பின்னால் போயிற்று. ஆமாம் என்று தலையை ஆட்டினாள், அவ்வளவுதான், இத்தனை நாளும் யாராவது சொல்லட்டும் என்று இருந்தவள் போல ஆட்டினாள். தள்ளுகிற ஆள் நேரமாகிறது என்றான். கதவு வரைக்கும் கூடவே நடந்து, கதவு வந்ததும் கையை விட்டார்.